கூரைக்குப் போன பல்லும் த்ரோ என்கிற சொல்லும்

1

முத்தியால்பேட்டை மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வணக்கம்.

உங்கள் டீச்சர் என் அக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். "இங்கிலாந்துல இத்தன வருஷமா இருக்கீங்களே சார், எங்க புள்ளைங்க பத்திரிகைக்கு எதாவது எழுதிக் குடுங்க. ஊரு சுத்திப் பாத்ததெல்லாம் வேணாம். உங்களுக்குப் புரியாத ஒரு விஷயத்தப் பத்தி எழுதுங்க, அதுபோதும்" என்றார்.

புரியாத விஷயத்துக்கா பஞ்சம்? எதை விடுவது என்றுதான் திண்டாட்டமாக இருந்தது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் குமார். இதே தெருவில் வளர்ந்தவன். என் அப்பா மில்லில் வேலை பார்த்தார். நான் பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு எலக்ட்ரிக் சாமான் கடையில் நின்றேன். ஆங்கிலப் பாடத்தில் பாஸ் மார்க்கைத் தொட்டுவிட்டு வந்தவன். செல்வியைக் கல்யாணம் செய்த பிறகுதான் எனக்குக் கப்பல், விமானம் எல்லாம். அவளுடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அவள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. முதலில் பிரான்சுக்குப் போனோம். அங்கே நான் கற்ற பிரெஞ்சு கடைக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு வந்தபோது, சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று இங்கிலாந்துக்குப் போய்விட்டோம். அங்கே மறுபடியும் முதலிலிருந்து ஆங்கிலம். எங்கள் மகள் மதி அங்கேதான் பிறந்தாள். நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன்.

இப்போது ஈஸ்டர் லீவுக்கு வந்திருக்கிறோம். எனக்குப் புரியாத விஷயம் எது என்று யோசித்தபோது ஒரு ஆங்கிலச் சொல்தான் முன்னால் வந்து நின்றது. த்ரோ.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது ஒன்றாம் வகுப்புச் சொல். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

2

நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். கல்லை எறிவோம். பிள்ளைச்சாவடி மீனவர்கள் வலையை வீசுவார்கள். குப்பையைக் கொட்டுவோம். பந்தைப் போடுவோம். கோழிக்கு அரிசியை இறைப்போம். கோபம் வந்தால் கையில் இருப்பதைக் கடாசுவோம். எதை, எந்த மனசோடு விடுகிறோம் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலேயர்கள் இதில் பாதிக்கு மேல் ஒரே த்ரோவை வைத்து ஓட்டுகிறார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. எறிவதற்குச் சம்பந்தமே இல்லாத வேலைகளையும் அந்தச் சொல்லின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தொழிற்சாலையில் எனக்கு மேஸ்திரி மாதிரி ஒருவர் இருக்கிறார். டெரெக் என்று பெயர். நல்ல மனிதர். சேர்ந்த புதிதில் ஒருநாள், வெளியே பனி கொட்டுகிறது, லாரியில் இருந்து மாவு மூட்டை இறக்க வேண்டும். "கோட்டை த்ரோ ஆன் பண்ணிக்கொண்டு வா" என்றார். நான் கழற்றி வைத்திருந்த கோட்டை எடுத்து, எங்கே எறியச் சொல்கிறார் என்று தெரியாமல், அவர் கண் போன திசையில் இருந்த நாற்காலிமேல் எறிந்துவிட்டுச் சட்டையோடு பனியில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சட்டென்று மாட்டிக்கொள்வதற்கு அப்படிச் சொல்வார்களாம்.

விருந்து வைத்தால் பார்ட்டியை த்ரோ பண்ணுவார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே சுரம் என்று பொய் சொல்லி லீவு போட்டால் அதுவும் த்ரோதான். சோபா மேல் விரிக்கிற துணிக்குப் பெயரும் த்ரோ. கடையில் அந்தத் துணிக்குமேல் பெரிய எழுத்தில் 'த்ரோ' என்று போட்டிருந்ததைப் பார்த்து, இதையெல்லாம் தூக்கிப் போடப் போகிறார்கள், சும்மா எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது என்று செல்வியிடம் சொன்னேன். "கம்முனு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்னொன்றும் உண்டு. டெரெக் ஒருநாள் கணக்கு ஒத்துவராமல் தாடையைச் சொறிந்துகொண்டே, "இது என்னை த்ரோ பண்ணிவிட்டது" என்றார். நான் அவர் விழுந்துவிட்டாரோ என்று முழங்காலைப் பார்த்தேன். நினைக்காதது ஒன்று நடந்து ஆளைக் குழப்பிவிட்டால் அப்படிச் சொல்வார்களாம். குதிரை ஆளைக் கீழே தள்ளுகிற மாதிரி என்று விளக்கினார். அப்போது எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை.

3

மதிக்கு முதல் பல் ஆடத் தொடங்கியபோது ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் வைத்தே விழுந்துவிட்டது. டீச்சர் அதைப் பல் வடிவத்தில் இருந்த ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக டப்பாவை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அப்பா, லுக்! என் டூத்!" என்று குதித்தாள். எதையும் முதலில் என்னிடம்தான் காட்டுவாள் அப்போது. நான் ஷிப்ட் முடிந்து வரும் நேரமும் அவள் பள்ளி விடும் நேரமும் ஒன்றாக இருக்கும். வாசலில் ஷூவைக் கழற்றுவதற்குள் அன்றைக்கு நடந்த அத்தனையும் சொல்லி முடித்திருப்பாள்.

டப்பாவைப் பார்த்துச் சுத்தத்துக்காகக் கொடுத்தது என்று நினைத்தேன். வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் டப்பாவில் போடுவார்கள்.

பல் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? உங்களுக்கே தெரியும். சாணியில் வைத்து உருட்டிக் கூரைமேல் எறிவோம். என் அப்பா எனக்கு அப்படித்தான் செய்தார். இங்கிலாந்தில் சாணிக்கு எங்கே போவது? செல்வி சப்பாத்திக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். அதில் ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி, நடுவில் பல்லை வைத்து உருட்டினேன். மதிக்கும் ஒரு உருண்டை கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து உருட்டினோம். அவள் அதைக் களிமண் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், "நல்ல பல்லா வரணும்னு வேண்டிக்கோ கண்ணு" என்றேன். கண்ணை மூடினாள். நான் எறிந்தேன்.

நல்ல எறி. ஓட்டில் பட்டு, தண்ணீர் போகும் தகரக் குழாய்ப் பக்கம் உருண்டது வரைக்கும் கேட்டது.

மதி கண்ணைத் திறந்தாள். "டூத் எங்க?"

"மேல போயிடுச்சு. அப்பா த்ரோ பண்ணிட்டேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. "யூ த்ரூ இட் அவே!" என்று கத்தினாள்.

"அவே இல்லம்மா, அவே இல்ல. அப்! த்ரோ அப்!" என்றேன் கையை மேலே காட்டி.

உள்ளே இருந்து செல்வி தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். "ஐயோ, அது வாந்தி எடுக்குறதுங்க! என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? அவ அத தலையாணிக்கு அடியில வெக்கணும். ராத்திரி பல்லு தேவதை வந்து எடுத்துக்கினு, அதுக்குப் பதிலா காசு வெச்சிட்டுப் போவும். கிளாஸ்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. ஒரு வாரமா அதையேதான் சொல்லிக்கினு இருந்தா. பல்லு விழுந்ததும் உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

முந்தின நாள் வரை அந்த வாரம் முழுக்க என் ஷிப்ட் மாறியிருந்தது. மதிக்கு என்னிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

தேவதையிடம் செல்வி மனதுக்குள் சொல்லிவிட்டதாகவும், தேவதை கூரையிலிருந்தே எடுத்துக்கொண்டதாகவும் சொல்லித் தலையணைக்கடியில் ஒரு காசு வைத்தோம். மதி காலையில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நீங்க வெச்சது" என்றாள்.

4

பல்லைத் திரும்ப எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. அது வாடகை வீடு. கூரைமேல் நாமாக ஏறக்கூடாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். செய்தேன். ஒரு அம்மாள் எடுத்தார். அவருக்கு நான் சொன்ன ஆங்கிலத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். கேட்க இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

"என் மகளுடைய பல் கூரையில் இருக்கிறது."

"ஐயையோ. கூரை இடிந்து குழந்தைமேல் விழுந்துவிட்டதா?"

"இல்லை, கூரை நன்றாக இருக்கிறது. பல்தான் அதன்மேல் இருக்கிறது."

"அது எப்படி அங்கே போனது?"

"நான் எறிந்தேன்."

"எதற்காக?"

"முளைப்பதற்கு."

"கூரையிலா?" என்று கேட்டார்.

"இல்லை, வாயில்."

கம்ப்யூட்டரில் தட்டுகிற ஓசை கேட்டது. ஓடு உடைந்தது, தண்ணீர் ஒழுகுவது, பறவைத் தொல்லை என்று சில வகைகள்தான் அதில் இருக்கின்றனவாம். பல்லை எதில் சேர்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "மேலிருந்து விழும் பொருள் என்று போடட்டுமா?" என்றார். "இது கீழிருந்து மேலே போன பொருள்" என்றேன். அதற்கு வகை கிடையாதாம். கடைசியில் யாருக்காவது ரத்தம் வருகிறதா என்று கேட்டு, வரவில்லை என்றதும் ஒரு எண்ணைக் கொடுத்து, இலையுதிர்காலத்தில் குழாய் சுத்தம் செய்ய ஆள் வரும்போது பார்க்கச் சொல்கிறேன் என்றார். என்னைக் கேலி செய்யவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

ஆள் வந்தது பல மாதம் கழித்து. மதி வாசல்படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஒரு டென்னிஸ் பந்து, பாசி, யாருடையதோ பொம்மைச் செருப்பு எல்லாம் எடுத்துப் போட்டார். பல்லைக் காணோம். சப்பாத்தி மாவில் உருட்டியது என்று நான் சொன்னதும் ஏணியில் நின்றபடியே சிரித்தார். "மாவா? அப்படியென்றால் அன்றைக்கே பறவை தின்றிருக்கும்" என்றார்.

மதி எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவை அறைந்து சாத்தவில்லை, கத்தவில்லை. போய்விட்டாள், அவ்வளவுதான்.

5

இரண்டாவது பல் விழுந்தது எனக்குத் தெரியாது. காலையில் ரொட்டி தின்னும்போது வாயில் இன்னொரு ஓட்டை இருந்தது. "எப்பம்மா விழுந்துச்சு?" என்றேன். மதி செல்வியைப் பார்த்தாள். செல்வி அடுப்பைப் பார்த்தாள். முந்தின நாளே விழுந்து, தலையணைக்கடியில் போய், தேவதையும் வந்து போயாகிவிட்டது.

பல் மட்டும் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தது, சிநேகிதியோடு சண்டை போட்டது, பாட்டுக்குப் பெயர் கொடுத்தது எல்லாமே செல்வி மூலமாகத்தான் எனக்கு வர ஆரம்பித்தது. நான் வாசலில் ஷூவைக் கழற்றும்போது அவள் மாடிக்குப் போய்விடுவாள். ஒருமுறை சமையலறையில் அவள் செல்வியிடம், "அப்பாகிட்ட சொல்லாத, எடுத்துடுவார்" என்று சொன்னது காதில் விழுந்தது. ஏதோ ஒரு சிப்பியைப் பற்றி.

டெரெக் சொன்ன குதிரைக் கதை அப்போதுதான் விளங்கியது. ஒரு பல்லை நான் எறிந்தேன். நான்தான் கீழே கிடந்தேன்.

இன்னொரு குழப்பமும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கூரைமேல் போட்ட பல்லும் முளைத்துவிட்டது. தலையணைக்கடியில் வைத்த பல்லும் முளைத்துவிட்டது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. சொல்லப்போனால் தலையணைப் பல்தான் கொஞ்சம் நேராக இருக்கிறது. அப்படியானால் என் அப்பா சொன்னது தப்பா? இல்லை, பறவை தின்றதால் கணக்கில் வரவில்லையா? எனக்குத் தெரியவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

6

இங்கே வந்து இறங்கியபோதே மதிக்கு மேல் வரிசையில் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். சிரிப்பு வந்தால் கையால் பொத்திக்கொள்வாள். அக்காகூட, "ஏன்டா, உன் பொண்ணு உன்னப் பாத்தா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது? திட்டுனியா?" என்று கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

அக்கா மகள் யாழினியை உங்களுக்குத் தெரியும். உங்களோடுதான் படிக்கிறாள். அவளும் மதியும் ஒட்டிக்கொண்டார்கள். நேற்று இருவரும் மாங்காயை மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். திடீரென்று யாழினி தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மாமா! மாமோய்! மதிக்குப் பல்லு விழுந்துடுச்சு! மாங்காயிலயே ஒட்டிக்கினு இருக்குது!" என்று கத்தினாள்.

நான் எழுந்து வருவதற்குள் மதி பல்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப் பாத்ரூமுக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

செல்வி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நானும் யாழினியும்.

"மதிமா, அப்பா தொட மாட்டேன். வெளிய வா" என்றேன்.

"நோ."

"வாய கொப்புளிச்சியா?"

"ம்."

யாழினிக்குப் பொறுமை இல்லை. "மதி, வெளிய வாடீ. கூரை மேல போடணும். இல்லன்னா பொக்கையாவே இருப்ப."

"நோ, ஃபேரி வரும்" என்று உள்ளேயிருந்து பதில். கொஞ்சம் கழித்து, சன்னமாக, "ஃபேரிக்கு இந்தியா விசா இருக்கா?"

எங்களுக்கு இங்கே வருவதற்கான பேப்பர் வாங்க நாங்கள் எத்தனை முறை வரிசையில் நின்றோம் என்பதை அவள் பார்த்திருக்கிறாள். இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததும் அதுதான். ஆனால் முதல் பல்லுக்கு நாங்கள் வைத்த காசைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. "தெரியலம்மா. அப்பாவுக்கு நெசமாவே தெரியல" என்றேன்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு ஒரு கை அளவு திறந்தது. மூடிய உள்ளங்கையோடு வெளியே வந்தாள். என்னைத் தாண்டி யாழினி பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"உங்க ரூஃப் எங்க?" என்று யாழினியிடம் கேட்டாள்.

அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். நம் தெருவில் இப்போது கூரையே இல்லை. எல்லாம் மொட்டைமாடி. எறிந்தால் துணி காயப்போடுகிற இடத்தில் போய் விழும். காலில் குத்தும்.

"அதுக்கெல்லாம் எடம் இருக்குது வா" என்று யாழினி இழுத்துக்கொண்டு நடந்தாள். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனேன். தெருமுனை வெல்டிங் பட்டறை. சரிந்த தகர ஷீட். உங்களில் பாதிப் பேர் பல் அங்கேதான் இருக்கிறதாமே, எனக்குத் தெரியாமல் போய்விட்டது. எங்களைப் பார்த்ததும் பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கினார்.

"இன்னொண்ணா? ஏம்மா, என் ஷெட்ட என்ன பல்லாஸ்பத்திரின்னு நெனச்சீங்களா? காத்தடிச்சா மேல பல்லக் கடிக்கிற சத்தம் கேக்குது. வெல்டு வெக்கவே பயமா இருக்குது."

"இவ இங்கிலாந்து அண்ணா. இங்கிலீஷ் பல்லு" என்றாள் யாழினி.

"அப்ப தகரத்துக்குப் புரியாது. தமிழ்ல சொல்லிட்டுப் போடு" என்றார் அவர்.

மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் பொத்த மறந்துவிட்டாள். முன்னால் ஓட்டை தெரிய ஒரு சிரிப்பு. எத்தனை நாளாகிவிட்டது அதைப் பார்த்து.

தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடிவிட்டீர்கள். நீங்களும் அதில் இருந்திருப்பீர்கள். "போடு! போடு! அப்படியே விட்டெறி!" என்று ஒரே கூச்சல். மதி கையைப் பின்னால் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வாசல்படியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாளே, அதே முகம்.

"அப்பா, த்ரோ பண்ணா அப்புறம் வேணும்னா கிடைக்குமா?"

மறுபடியும் எனக்குக் குழப்பம். போடு என்று சொன்னால் என் அப்பா சொன்ன மாதிரி ஆகும். வேண்டாம் என்று சொன்னால் இத்தனை பிள்ளைகள் முன்னால் யாழினிக்கு ஏமாற்றம். ஆனால் அவள் கேட்டது போடட்டுமா, வேண்டாமா என்று இல்லை. கிடைக்குமா என்றுதான் கேட்டாள். அதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும்.

"கிடைக்காது கண்ணு. போட்டா போட்டதுதான்" என்றேன்.

கையை இறக்கிவிட்டாள். நீங்கள் எல்லோரும் "ஏஏ..." என்று இழுத்தீர்கள். பட்டறைக்காரர் முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். மதி தன் கவுனைத் தடவிப் பார்த்தாள். அதில் பை இல்லை. யாழினி கவுனிலும் இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"குனிங்க" என்றாள். குனிந்தேன். என் சட்டைப் பையில் பல்லைப் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீங்க வெச்சுக்கங்க. நான் இன்னும் டிசைட் பண்ணல. த்ரோ பண்ணக் கூடாது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

"மாவுலயும் வெக்கக் கூடாது."

"வெக்க மாட்டேன்."

யாழினியோடு ஓடிவிட்டாள். மாங்காய் பாதியில் கிடந்ததே.

7

டீச்சர் நாளைக்கு இதை வாங்க வருகிறார். மதி இன்னும் முடிவு செய்யவில்லை. காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, "இருக்கா?" என்று கேட்டாள். பையைத் திறந்து காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு எதையும் கேட்காமலே, யாழினி வகுப்பில் ஒரு பையனுக்கு ஆறு விரல் இருக்கிறதாம் என்று ஆரம்பித்து, நான் செருப்பு மாட்டி முடிக்கிற வரைக்கும் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

த்ரோவுக்கு இன்னும் எத்தனை பொருள் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் யாழினியிடம் சொல்லி அனுப்புங்கள்.

அக்கா இப்போதுதான் வாளியோடு வந்து நின்றாள். "ஏன்டா குமாரு, வெயில்ல இப்படி வேர்த்துக் கெடக்குது. நேத்தும் இதே சட்ட, இன்னைக்கும் இதே சட்ட. கழட்டிப் போடுடா, தொவைக்கணும்" என்கிறாள்.

நான் கழற்றவில்லை.